சர்க்கரையும் மூளையும்: திசை மாறிய ஒரு 350 வருஷக் கதை

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம் அறுபது தாண்டின பெரியவங்க இருக்கிற வீடுகளில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்று, "அவருக்கு சுகர் இருக்கு, பல வருஷமா மாத்திரை சாப்பிடறார்." இன்னொன்று, "இப்பல்லாம் மறதி ஜாஸ்தியாயிடுச்சு, வயசாயிடுச்சில்ல." பல வீடுகளில் இந்த இரண்டு பேச்சும் ஒரே ஆளைப் பற்றியதுதான். ஆனால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சுகருக்கு டாக்டர் இருக்கிறார். மறதிக்கு வயசு என்ற காரணம் இருக்கிறது. அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தேடப்போய், எதிர்பார்க்காத ஒரு கதை கையில் கிடைத்தது. மருத்துவ உலகம் சர்க்கரை நோயையும் மூளையையும் ரொம்ப காலம் முன்பே முடிச்சுப் போட்டுவிட்டது. ஆனால் தலைகீழாக! மூளைதான் சர்க்கரை நோயை உண்டாக்குகிறது என்று ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். இன்றைக்கு அம்புக்குறி எதிர்த்திசையில் திரும்பிவிட்டது. அது எப்படித் திரும்பியது, அதில் நம்ம ஊருக்கு என்ன சேதி என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பழைய கதைகளைத் தேடிப் படிக்கிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஒரே ஆள், இரண்டு கண்டுபிடிப்பு

சிறுநீரில் இனிப்பு இருக்கிறது என்பது நமக்குப் பழைய சேதி. சுஸ்ருதர், சரகர் பெயரில் இருக்கிற நூல்களிலேயே 'மதுமேகம்' வந்துவிடுகிறது. தேன் போன்ற சிறுநீர் என்று பொருள். உடம்பு பருத்தவர்களுக்கு வருவது ஒரு மாதிரி, மெலிந்தவர்களுக்கு வருவது வேறு மாதிரி என்றுகூடப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் நீரிழிவு, மதுமேகம் என்ற இரண்டு பெயரும் புழக்கத்தில் உண்டு. 'நீரிழிவு' என்ற பெயரே நீர் அதிகமாக இழிவதை, அதாவது இறங்கிப் போவதைச் சொல்கிறது. ஈயும் எறும்பும் மொய்ப்பதை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது நம்ம தாத்தா பாட்டிகளுக்கும் தெரிந்ததுதான்.

ஐரோப்பாவில் இந்த இனிப்பை எழுதி வைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். 1674ல் வெளிவந்த தன் நூலில், இந்த நோயாளிகளின் சிறுநீர் தேனோ சர்க்கரையோ கலந்தது போல இனிக்கிறது என்று எழுதினார். நீண்ட நாள் துக்கத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டு என்பதும் அவர் கருத்து.

இதே வில்லிஸ்தான் பத்து வருஷம் முன்பு, 1664ல், மூளையின் அமைப்பைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதற்குப் படம் வரைந்துகொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். மூளையின் அடிப்பாகத்தில் ரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாக நிற்பதை அந்தப் புத்தகம் தெளிவாகக் காட்டியது. இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் அதை 'வில்லிஸ் வளையம்' என்றுதான் படிக்கிறார்கள்.

ஆக, மூளையின் ரத்தக் குழாயும் சிறுநீரின் இனிப்பும் ஒரே மேஜையில் கிடந்திருக்கின்றன. ஆனால் அந்த இனிப்பு அந்தக் குழாய்களை என்ன செய்யும் என்ற கேள்வி வர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆனது. அதற்குள் வேறொரு கேள்வி முந்திக்கொண்டது.

முயல் தலையில் ஒரு ஊசி

பிரான்சில் க்ளோட் பெர்னார் என்று ஒரு உடலியல் மேதை. கல்லீரலே சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது என்று கண்டுபிடித்தவர். 1849ல் அவர் ஒரு முயலின் மூளையில், பின்பக்கம் கழுத்தோடு சேர்கிற இடத்தில், ஊசியால் ஒரு குத்து குத்தினார். கொஞ்ச நேரத்தில் அந்த முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்துவிட்டது. மூளையைத் தொட்டால் சர்க்கரை இறங்குகிறது! இந்தச் சோதனை மருத்துவ உலகத்தையே கிறங்க வைத்தது.

இந்த எண்ணம் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் சர்க்கரை நோயோடு டாக்டரிடம் வந்தவர்கள் யார்? வக்கீல்கள், நீதிபதிகள், குமாஸ்தாக்கள், ஜமீன்தார்கள். உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: இது உட்கார்ந்த இடத்தில் மூளையைக் கசக்கி வேலை செய்கிறவர்களின் நோய். 1907ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'வெப்ப மண்டல நாடுகளில் நீரிழிவு' என்று ஒரு விவாதமே நடத்தியது. கல்கத்தாவின் கைலாஸ் சந்திர போஸ் போன்ற டாக்டர்களின் அனுபவம் அதில் பதிவானது. படித்த வங்காளி, அவர் பார்க்கிற மூளை வேலை, அவருடைய அரிசிச் சாப்பாடு, இனிப்பு, நடக்காத வாழ்க்கை என்று அந்தக் காலத்து எழுத்துகளில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது.

உட்கார்ந்த வாழ்க்கை, சாப்பாடு என்ற பகுதி இன்றைக்கும் நிற்கிறது. மூளை வேலை என்ற பகுதி நிற்கவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அன்றைக்கு ஆங்கில டாக்டரிடம் போய் சிறுநீரைச் சோதிக்க முடிந்தவர் யார்? வக்கீலும் குமாஸ்தாவும்தான். வயலில் இருந்தவரை யார் சோதித்தார்கள்? தேடின இடத்தில் கிடைத்ததை வைத்து, அது அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். 'பணக்கார வியாதி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எங்க ஊர்க் கிராமங்களில் இன்றைக்கும், "நாம என்ன உக்காந்தா சாப்பிடறோம், நமக்கெங்கிருந்து சுகர் வரப்போவுது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது.

மூளையை மறந்த காலம்

1889ல் ஜெர்மனியின் கையில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. எல்லாருடைய கண்ணும் தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. 1921ல் கனடாவின் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சாவு நிச்சயம் என்றிருந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். இனிமேல் மூளையைப் பற்றி யாருக்குக் கவலை?

ஆனாலும் அதே 1922ல் மைல்ஸ், ரூட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு சின்ன வேலை செய்தார்கள். சர்க்கரை நோயாளிகளை உட்கார வைத்து ஞாபகம், கவனம் இரண்டையும் சோதித்தார்கள். நோய் இல்லாதவர்களைவிட அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். மூளை நோயை உண்டாக்குகிறதா என்று கேட்ட காலம் போய், நோய் மூளையை என்ன செய்கிறது என்று கேட்கிற காலம் தொடங்கியது. சத்தமே இல்லாமல்!

அது வளர நேரம் பிடித்ததற்கு நியாயமான காரணம் உண்டு. இன்சுலினுக்கு முன்னால் நோயாளிகள் நீண்ட நாள் இருந்ததில்லை. மூளை தேய்வது தெரிய இருபது முப்பது வருஷம் உயிரோடு இருக்கணுமே! இன்சுலின் வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு, 1950ல் டிஜாங் என்ற நரம்பியல் மருத்துவர் சர்க்கரையால் மூளைக்கு வரும் பாதிப்புக்கென்று ஒரு தனிப் பெயரே வைத்தார். 1965ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், நீண்ட காலம் சர்க்கரை நோயோடு வாழ்ந்து இளவயதில் இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, சின்ன ரத்தக் குழாய்களும் நரம்புத் திசுவும் கெட்டுப்போயிருப்பதை எழுதினார்கள்.

அடுத்து ஸ்கேன் வந்தது. உயிரோடு இருக்கிறவர் மூளையையே பார்க்கலாம் என்றான பிறகுதான் படம் தெளிந்தது.

ஸ்கேனில் என்ன தெரிகிறது?

வயசானால் எல்லாருடைய மூளையும் கொஞ்சம் சுருங்கும். அறுபதுக்கு மேல் வருஷத்துக்கு ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்குவது இயல்பு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தச் சுருக்கம் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல். 2013ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், நோய் உள்ள 350 பேரையும் இல்லாத 363 பேரையும் ஒப்பிட்டார்கள். நோய் உள்ளவர்களுக்கு நெற்றிப் பக்க மடலின் உள்பகுதியிலும் பொட்டுப் பக்க மடலின் உள்பகுதியிலும் திசு குறைந்திருந்தது. பொட்டுப் பக்கத்தின் உள்ளேதான் ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. பார்க்கக் கடல்குதிரை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இன்று காலையில் நடந்ததை நாளைக்கு ஞாபகமாக மாற்றித்தருவது அதன் வேலை.

இரண்டாவது, சின்னச் சின்னக் குழிகள். நுண்குழாய் அடைத்து, அது பாய்ந்த இடம் செத்துப்போய் ஏற்படுவது. பிரெஞ்சு டாக்டர் பியர் மரி 1901லேயே இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். 'லாகூன்' என்று பெயர். நம்ம ஊர்ப் பேச்சில் குட்டை என்று சொல்லலாம். கை கால் இழுத்துக்கொள்ளாது, வாய் கோணாது. ஆனால் பத்து, இருபது குட்டை சேர்ந்தால் நடையும் யோசனையும் மந்தமாகும்.

மூன்றாவது, மூளையின் உள்ளே இருக்கிற வெண்பொருளில் தெரிகிற வெள்ளைத் திட்டுகள். இதைப் புரிந்துகொள்ள கோமுகி அணையை நினைத்துப் பாருங்க. கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் இருக்கிற அணை. வாய்க்கால் திறந்தால் தலைமடைக்குத் தண்ணி முதலில் வரும். வாய்க்கால் தூர்ந்துபோனால் முதலில் காய்வது எது? கடைமடை. மூளைக்குள் ஆழமாக இருக்கிற வெண்பொருள் அப்படிப்பட்ட கடைமடை. அங்கே போகிற குழாய்கள் நீளமானவை, மிக மெல்லியவை, பக்கத்திலிருந்து உதவிக்கு வேறு கிளை கிடையாது. பல வருஷம் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியே இருந்தால் குழாயின் சுவர் தடிக்கும், உள்வழி குறுகும். கடைமடை காயும்.

இந்த வெண்பொருள்தான் மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற வயர். அதனால் சர்க்கரையோடு வருகிற தடுமாற்றம் பெரும்பாலும் பெயர் மறப்பதில் தொடங்குவதில்லை. வேகம் குறைவதில் தொடங்கும். கணக்குப் போட நேரமாகும். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வராது. எதை முதலில் செய்வது என்று திட்டமிட முடியாது. வீட்டில் இருப்பவர்கள் இதை மறதி என்றே நினைக்க மாட்டார்கள். "சோம்பேறியாயிட்டார்", "பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு" என்பார்கள்.

குழாய் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. உடம்பு எடையில் சுமார் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. 1978ல் ஹாவ்ரான்கோவா குழுவினர், எலியின் மூளை முழுக்க இன்சுலினை ஏற்கிற வாங்கிகள் பரவிக் கிடப்பதைக் காட்டினார்கள். இன்சுலின் வயிற்றுக்கு மட்டும் உரிய சமாசாரம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. 2005ல் அமெரிக்காவின் டி லா மான்டே குழு, அல்சைமர் நோயை 'மூன்றாம் வகை நீரிழிவு' என்றே அழைக்கலாமா என்று கேட்டது. அந்தப் பெயர் யூடியூபில் ரொம்பப் பிரபலம். ஆனால் மருத்துவ உலகம் அதை ஒரு வகையாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

இதெல்லாம் வாழ்க்கையில் எவ்வளவு தூரம் தெரிகிறது? நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 6370 முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1999ல் வெளிவந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். சர்க்கரை இருக்கிற பெரும்பாலோர்க்கு டிமென்ஷியா வருவதில்லை. ஆனால் ஒரு ஊரில் சர்க்கரை நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால், இந்த வித்தியாசம் நூற்றுக்கணக்கான வீடுகளின் கவலையாக மாறிவிடும்.

மெட்ராஸிலிருந்து கள்ளக்குறிச்சி வரை

நம்ம மாநிலத்தில் இந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1948ல் டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1954ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனை கட்டினார். அந்தக் காலத்தில், "இதுக்கெல்லாம் தனி ஆஸ்பத்திரியா?" என்று கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பிறகு வந்த கணக்குகளைப் பாருங்க. சென்னையில் பெரியவர்களில் சர்க்கரை நோய் 1989ல் 8.3 சதவீதம். 2004ல் 14.3 சதவீதம். 2011ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கு 10.4 சதவீதம் என்றது. நகரத்தில் 13.7, கிராமத்தில் 7.8. 2023ல் வந்த அடுத்த அறிக்கையில் தமிழ்நாடு 14.4 சதவீதம், இந்தியா முழுக்க 10.1 கோடிப் பேர். பணக்கார வியாதி என்ற பேச்சு இத்தோடு செத்துப்போயிருக்கணும்.

மறதி நோய்க்கும் இங்கே நல்ல ஆராய்ச்சி உண்டு. 1990களிலேயே சென்னை மனநல மருத்துவர்கள் திருப்போரூர்க் கிராமங்களில் வீடு வீடாகப் போய் டிமென்ஷியாவைக் கணக்கெடுத்தார்கள். பிறகு '10/66' என்று ஒரு உலகக் குழு வந்தது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்கள். 2023ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயசுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகச் சொல்கிறது.

இனி நம்ம ஊர். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. ஊரைச் சுற்றி மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் ஒன்று. அரிசி ஆலைகளுக்குக் குறைவே இல்லை. சர்க்கரை ஆலை ஊர் என்பதால் சர்க்கரை நோய் வரும் என்று சொல்ல வரவில்லை. கரும்பு வெட்டுகிறவருக்குக் கரும்பால் நோய் வருவதில்லை. மாறினது வேறு. தீட்டின வெள்ளை அரிசி மூணு வேளைக்கும் எட்டியது. ஏற்றம் போய் மோட்டார் வந்தது, நடை போய் டூவீலர் வந்தது. இதில் எதையும் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. முந்தின தலைமுறை பட்ட கஷ்டம் தீர்ந்தது இவற்றால்தான்.

மலைக்கு மேலே இந்த மாற்றம் இன்னும் வேகம். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்த மலை, 1976ல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. அதாவது இன்றைக்கு அறுபத்தைந்து வயசு ஆகிற மலைவாசி, ஜாகீர் காலத்தில் பிறந்து சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்று வளர்ந்தவர். அவர் பிள்ளைகள் ரேஷன் அரிசியில் வளர்ந்தவர்கள். சாமை விளைந்த பல காடுகளில் இன்றைக்கு மரவள்ளி. கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. தமிழ்நாட்டின் சமவெளியில் இரண்டு மூன்று தலைமுறையாக நடந்த உணவு மாற்றம் இங்கே ஒரே ஆயுளுக்குள் நடந்துவிட்டது.

சாமைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. சாமையும் மாவுச்சத்துதான். கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும், நார்ச்சத்து கூடுதல், அவ்வளவுதான். அந்தக் காலத்து மலைவாழ்க்கையில் பசியும் உண்டு, பிரசவத்தில் சாவும் உண்டு. மூளை தேய்கிற வயசு வரைக்கும் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் யோசிக்கணும்.

சர்க்கரையை இறக்கிவிட்டால் போதுமா?

அப்படியானால் சர்க்கரையை நன்றாகக் குறைத்து வைத்தால் மூளை தப்பிக்கும்தானே? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய சோதனை இதைப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளில் ஒரு பாதிக்கு மருந்தைக் கூட்டி, சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தார்கள். 2008ல் அந்தப் பகுதியை நடுவிலேயே நிறுத்த வேண்டி வந்தது. கடுமையாகக் குறைத்தவர்களில் இறப்பு அதிகமாக இருந்தது. அதன் மூளைப் பிரிவு முடிவு 2011ல் வந்தது. 2977 பேர், 40 மாதம். கடுமையாகக் குறைத்தவர்களின் மூளைச் சுருக்கம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஞாபகத்திலும் யோசனையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்னொரு பக்கம், 2009ல் கலிபோர்னியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 16,667 சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தார்கள். சர்க்கரை ரொம்பக் குறைந்து ஆஸ்பத்திரி வரை போனவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வாய்ப்பு அதிகமாக இருந்தது. மூளைக்குச் சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இறங்கினால் நிமிஷக் கணக்கில் ஆபத்து.

எங்க சொந்தத்தில் ஒரு பெரியப்பா. அரிசி மில்லில் கணக்கு எழுதினவர். கால்குலேட்டரைத் தொட்டதில்லை. நூறு மூட்டைக்கு எடைக் கழிவு போட்டு மனக்கணக்கிலேயே சொல்லுவார். எழுபதை நெருங்கினபோது மளிகைச் சீட்டைக் கூட்ட இரண்டு தரம், மூணு தரம் ஆனது. "கண்ணு தெரியலடா" என்பார். நாங்களும் கண்ணாடி மாற்றினோம். ஒரு நாள் காலையில் மாத்திரை போட்டுவிட்டு, போட்டதை மறந்து மறுபடியும் போட்டிருக்கிறார். சாப்பாட்டையும் தள்ளிப்போட்டுவிட்டார். பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி, சம்பந்தமில்லாமல் பேசி, பெரியம்மாவை யாரென்றே தெரியாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேய் பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்ல, இன்னொருவர்தான் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். விழுங்க முடிகிற நிலையில் இருந்ததால் பிழைத்தார்.

சர்க்கரை நோய் மூளையைத் தேய்க்கிறது. தேய்ந்த மூளையால் சர்க்கரை நோயைச் சமாளிக்க முடிவதில்லை. எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், இன்றைக்குப் போட்டாச்சா இல்லையா, இதெல்லாம் ஞாபகமும் திட்டமும் வேண்டிய வேலை. அதை நாம் எழுபது வயசுக்காரரிடம் தனியாக விட்டுவிடுகிறோம். பெரியப்பா விஷயத்தில் அதற்குப் பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றினார், அளவைக் குறைத்தார். வயசானவர்களுக்கு, குறிப்பாக மறதி உள்ளவர்களுக்கு, சர்க்கரை அளவைக் கொஞ்சம் தளர்த்தியே வைக்கலாம் என்பது இன்றைய மருத்துவ வழக்கம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

வீட்டில் பார்க்க வேண்டியது

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாச்சு. மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அது பெரிய விஷயம். மாத்திரை கைக்கு வந்துவிட்டது. அது சரியான நேரத்தில் வாய்க்குப் போகிறதா என்று பார்ப்பது வீட்டு வேலை.

டாக்டரிடம் பெரியவரை அழைத்துப் போகும்போது, சர்க்கரை எவ்வளவு என்பதோடு நாம் கவனித்ததையும் சொல்லணும். கணக்கு தடுமாறுகிறதா, நடை மெதுவாகிவிட்டதா, தெரிந்த வேலையில் வரிசை மாறுகிறதா? எல்லா மறதியும் தேய்மானம் இல்லை என்பதும் முக்கியம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும், அதனாலும் மறதி வரும். தைராய்டு குறைந்தாலும் வரும், மன அழுத்தத்தாலும் வரும். இவை ரத்தப் பரிசோதனையிலும் நாலு வார்த்தைப் பேச்சிலும் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். "வயசாயிடுச்சு" என்று சொல்லி விட்டுவிட்டால் இதையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

பின்லாந்தில் 60லிருந்து 77 வயசு வரை உள்ள 1260 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2015ல் வந்தது. சாப்பாடு, நடை, மூளைக்குப் பயிற்சி, பிரஷரும் சர்க்கரையும் கவனிப்பு, நாலையும் சேர்த்து இரண்டு வருஷம். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுடைய யோசனைத் திறன் கொஞ்சம் மேலாக இருந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு ஸ்கேன் வேண்டாம், சென்னைக்குப் போக வேண்டாம். வெள்ளிமலையிலும் செய்யலாம், தியாகதுருகத்திலும் செய்யலாம்.

முதலில் செய்யக்கூடியது இன்னும் சுலபம். காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்குங்க. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு நிரப்பி வையுங்க. வெளியூரில் இருந்தால் போனில், "மாத்திரை போட்டாச்சா?" என்று மட்டும் கேட்காமல், "என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேளுங்க. அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்க.

கல்வராயன் மலையின் ஜாகீர் கதையை இதில் இரண்டு வரியில் தாண்டிவிட்டேன். அதைத் தனியாக ஒரு பதிவில் எழுதுகிறேன்.